கழுத்துத் தமனிகளின் பாதை எல்லோருக்கும் ஒன்றல்ல

கழுத்துப் பகுதியின் ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கும் பலர், அதன் இறுதியில் 'இயல்பான உடற்கூற்று மாறுபாடு' என்னும் தொடரைக் கண்டு திடுக்கிடுகின்றனர். இயல்பு என்றும் மாறுபாடு என்றும் ஒரே தொடரில் எழுதியிருப்பது அவர்களுக்குக் குழப்பத்தைத் தருகிறது. இது நோயா, பிறவிக் குறையா, பிள்ளைகளுக்கும் வருமா, அறுவை சிகிச்சைக்கு இடையூறாகுமா என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்கின்றனர். இக்கட்டுரையில் அக்கேள்விகளுக்கு விடை கூற விழைகிறோம்.

கழுத்துத் தமனிகளில் காணப்படும் மாறுபாடுகளில் பெரும்பாலானவை நோய் அல்ல. அவற்றோடு பிறந்து, அவை இருப்பதையே அறியாமல் முழு வாழ்நாளையும் நலமாகக் கழிப்போர் மிகப் பலர். ஆயினும் கழுத்தில் அறுவை செய்ய வேண்டிய நாளில் அதே மாறுபாடு முக்கியத்துவம் பெறுகிறது. அறுவை மருத்துவர் அதை முன்கூட்டியே அறிந்திருந்தால் தம் திட்டத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார். அறியாதிருந்தால் பெரும் இரத்தப்போக்கோ, குரல் இழப்போ, பக்கவாதமோ நேரக்கூடும். அறுவைக்கு முன் நாங்கள் ஸ்கேன் கேட்பதற்கும், பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்து வரச் சொல்வதற்கும் காரணம் இதுவே.

பாடநூல் காட்டும் பாதை

மாறுபாட்டை அறிந்துகொள்ள, முதலில் வழக்கமான அமைப்பை அறிய வேண்டும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மார்புக்குள் மேலெழுந்து, வில்லைப்போல் வளைந்து, பின் கீழிறங்குகிறது. அவ்வளைவிலிருந்து மூன்று கிளைகள் மேல்நோக்கிச் செல்கின்றன. முதற்கிளை சிறிது தொலைவு சென்றபின் இரண்டாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று காறையெலும்பின் அடியில் வலக்கைக்குச் செல்லும் காறையடித் தமனி. மற்றொன்று கழுத்தின் வலப்புறம் ஏறும் பொதுக் கரோட்டிட் தமனி. வளைவின் இரண்டாம் கிளை இடப்புறத்துப் பொதுக் கரோட்டிட் தமனி. மூன்றாம் கிளை இடக்கைக்குரிய காறையடித் தமனி.

பொதுக் கரோட்டிட் தமனிகள் மூச்சுக்குழாயின் இருபுறமும் மேலேறுகின்றன. கழுத்தில் விரல் வைத்தால் நாம் உணரும் துடிப்பு இவற்றினுடையதே. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு அளவில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. உட்கரோட்டிட் தமனி, கழுத்தில் கிளை எதுவும் விடாமல் நேராக மண்டையோட்டுக்குள் நுழைந்து மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தம் தருகிறது. வெளிக்கரோட்டிட் தமனி தைராய்டு, நாக்கு, முகம், தலைத்தோல் ஆகியவற்றுக்குக் கிளைகளை அனுப்புகிறது. இவையன்றி, காறையடித் தமனிகளிலிருந்து கிளைக்கும் இரண்டு முதுகெலும்புத் தமனிகள், கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறி மூளையின் பின்பகுதியை அடைகின்றன. ஆக, மூளைக்கு இரத்தம் செல்லும் பெருவழிகள் நான்கு.

கரோட்டிட் என்னும் பெயர் ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இத்தமனிகளை அழுத்தினால் நினைவு தப்பும் என்பதை முற்காலத்தவரே கண்டிருந்தனர்.

மாறுபாடு எவ்வாறு உண்டாகிறது?

கருவின் வளர்ச்சியில், நான்காம் வாரத்தை ஒட்டிய காலத்தில், தொண்டைப் பகுதியின் இருபுறமும் வளைவு வளைவாகத் தமனிகள் தோன்றுகின்றன. அவை அனைத்தும் நிலைப்பதில்லை. சில மறைந்துவிடுகின்றன, சில உருமாறுகின்றன. மூன்றாம் இணை கரோட்டிட் தமனிகளாக அமைகிறது. நான்காம் இணையில் இடப்புறம் உள்ளது பெருந்தமனி வளைவின் ஒரு பகுதியாகவும், வலப்புறம் உள்ளது வலக் காறையடித் தமனியின் தொடக்கமாகவும் ஆகின்றன. மறைய வேண்டிய ஒரு பகுதி நிலைத்துவிட்டாலோ, நிலைக்க வேண்டியது மறைந்துவிட்டாலோ, இரத்தம் வேறொரு வழியை அமைத்துக்கொள்கிறது. அவ்வழியே பின்னர் ஸ்கேனில் மாறுபாடாகத் தெரிகிறது.

தாய் உண்ட உணவோ, செய்த வேலையோ, கிரகண வேளையில் வெளியே வந்ததோ இதற்குக் காரணம் அல்ல. தாய்மார்கள் தம்மைத்தாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை. இத்தகைய மாறுபாடுகளில் பெரும்பாலானவை பிள்ளைகளுக்கு வழிவழியாக வருவனவும் அல்ல.

எல்லா மாறுபாடும் பிறவியில் வருவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். முதுமையாலும் நெடுநாள் இரத்த அழுத்தத்தாலும் தமனிகள் நீண்டு, வளைந்து, சில வேளை மடங்கியும் போகின்றன. இரத்த அழுத்தமுள்ள முதியோர் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வலப்புறக் கழுத்தின் அடியில் துடிக்கும் வீக்கம் ஒன்று தோன்றுவதுண்டு. அது பல வேளைகளில் கட்டி அன்று. வளைந்து மேலெழும்பிய தமனியே. ஆதலின் துடிக்கும் வீக்கம் எதையும் ஸ்கேன் செய்து பாராமல் ஊசியால் குத்திச் சோதிப்பதில்லை.

மிகுதியாகக் காணப்படும் மாறுபாடு

பெருந்தமனி வளைவிலிருந்து மூன்று கிளைகளுக்குப் பதிலாக இரண்டே கிளைகள் புறப்படுவதே மிகுதியாகக் காணப்படும் மாறுபாடு. இடக் கரோட்டிட் தமனி, முதற்கிளையோடு ஒரே வாயில் சேர்ந்தோ, அதிலிருந்து கிளைத்தோ வருகிறது. பல ஆய்வுகளில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டோரிடம் இது காணப்பட்டுள்ளது. மருத்துவ அறிக்கைகளில் இதை 'மாட்டு வளைவு' என்று பொருள்படும் பெயரால் குறிப்பிடுவர். அப்பெயரைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டாம். உண்மையில் மாட்டின் பெருந்தமனி அவ்வாறு அமைந்திருப்பதும் இல்லை. பெயர் தவறாக வழங்கி நிலைத்துவிட்டது.

இவ்வமைப்பால் உடலுக்குத் தீங்கில்லை. ஆயினும் தொடை இடுக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இடக் கரோட்டிட் தமனியில் ஸ்டென்ட் வைக்க வேண்டுமாயின், குழாய் திரும்ப வேண்டிய கோணம் கடினமாகிறது. முன்பே தெரிந்திருந்தால் தக்க வடிவுடைய குழாயை மருத்துவர் எடுத்துக்கொள்வார். அல்லது கை வழியாகச் செல்வார். அல்லது திறந்த அறுவையே நலம் என முடிவு செய்வார்.

கரோட்டிட் பிரியும் இடம்

கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்புப் படிந்து பாதை குறுகுவதுண்டு. படிவிலிருந்து சிறு துணுக்குகள் பெயர்ந்து மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம் உண்டாகும். இப்படிவை அகற்றும் அறுவை 1950-களில் வளர்ச்சி பெற்றது. 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று அதன் பயனை உறுதிப்படுத்தியது. பக்கவாதத்தின் அறிகுறி ஏற்கெனவே தோன்றி, தமனி 70 விழுக்காட்டுக்கு மேல் குறுகியிருந்தோரில், மருந்து மட்டும் பெற்றவர்களுள் 26 விழுக்காட்டினருக்கு இரண்டாண்டுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவையும் செய்துகொண்டவர்களுக்கு அது 9 விழுக்காடாகக் குறைந்தது.

இவ்வளவு பயனுள்ள அறுவையில், தமனி எந்த உயரத்தில் பிரிகிறது என்பது முக்கியமானது. சிலருக்கு அது வழக்கத்தைவிட மேலே, நாவடி எலும்பின் அளவிலோ அதற்கும் மேலோ பிரிகிறது. அவ்விடத்தில் தாடையெலும்பு மறைக்கிறது. நாக்கை அசைக்கும் நரம்பு தமனியைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. அந்நரம்பு இழுபட்டால் நாக்கு ஒருபக்கம் சாய்ந்து, பேசுவதும் விழுங்குவதும் கடினமாகும். பிரியும் இடம் மிக மேலே இருப்பதை ஸ்கேனில் கண்டால், அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து திட்டமிடுகின்றனர். தாடைக்கு அடியில் கூடுதல் இடம் கிடைக்கும்படி மூச்சுக்குழாய்க் கருவியை வாய்க்குப் பதிலாக மூக்கின் வழியே செலுத்துவதும், அறுவைக்கு மாற்றாக ஸ்டென்ட் வைப்பதும் அவர்கள் எண்ணிப் பார்க்கும் வழிகள்.

இங்கே இன்னொரு மாறுபாட்டையும் நோக்க வேண்டும். மூளையின் அடியில் நான்கு தமனிகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் வளையம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. ஒரு தமனியை அறுவையின்போது சற்று நேரம் கட்டி வைத்தால், மற்ற மூன்றின் இரத்தம் இவ்வளையத்தின் வழியே மூளைக்கு வந்து சேர வேண்டும். ஆனால் இவ்வளையம் முழுமையாக அமைந்திருப்போர் மக்களில் பாதிக்கும் குறைவு. பலருக்கு ஓர் இணைப்பு மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். அறுவையின்போது மூளைக்கு இரத்தம் போதவில்லை எனத் தெரிந்தால், தற்காலிகக் குழாய் ஒன்றைத் தமனிக்குள் வைத்து இரத்தத்தைச் செலுத்துகின்றனர்.

தொண்டைக்குப் பின்னால் வளையும் தமனி

உட்கரோட்டிட் தமனி பொதுவாகத் தொண்டைச் சுவரிலிருந்து சற்று விலகியே செல்கிறது. சிலருக்கு அது உட்புறமாக வளைந்து, தொண்டையின் பின்சுவருக்கு நேர் பின்னே வந்துவிடுகிறது. வாயைத் திறந்து பார்த்தால் அச்சுவர் துடிப்பதைக் காணலாம். சிலர் தொண்டையில் ஏதோ அடைத்திருப்பதாக உணர்வர். பலருக்கு எவ்வுணர்வும் இராது.

டான்சில் அறுவை, மூக்கடிச் சதை நீக்கம், டான்சிலைச் சுற்றிய சீழ்க்கட்டியைக் கீறி வடித்தல் ஆகியன எளிய சிகிச்சைகளே. ஆனால் தமனி அருகே இருப்பதை அறியாமல் செய்தால் அவை உயிருக்கு ஆபத்தாகலாம். இதனால்தான் கருவியை எடுக்குமுன் மருத்துவர் தொண்டைச் சுவரைக் கூர்ந்து நோக்குகிறார். ஐயமிருந்தால் விரலால் தொட்டுத் துடிப்பைப் பார்க்கிறார். தேவையெனில் ஸ்கேனுக்கு அனுப்புகிறார். பிள்ளைக்குத் 'தொண்டையில்தானே அறுவை, இத்தனை சோதனை எதற்கு' என்று எண்ணும் பெற்றோர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

22-ஆம் குரோமோசோமில் சிறு பகுதி குறைந்து பிறக்கும் குழந்தைகளிடம் இம்மாறுபாடு மிகுதி. அவர்களில் பலருக்கு மேலண்ணக் குறைபாட்டால் பேச்சு மூக்கொலியாக இருக்கும். அதைச் சரிசெய்யும் அறுவை தொண்டையின் பின்சுவரிலேயே செய்யப்படுவதால், தமனியின் இருப்பிடத்தை முன்னரே அறிந்துகொள்வது இன்றியமையாதது.

மூச்சுக்குழாயின் முன்னே

நெடுநாள் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிக்குக் கழுத்தின் முன்புறம் துளையிட்டு மூச்சுக்குழாயில் குழல் வைப்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினர்கள் கண்டிருக்கக்கூடும். துளையிடும் இடத்துக்கு முன்னால் பெரிய தமனி எதுவும் இராது என்பது பொது விதி. ஆனால் பெருந்தமனி வளைவின் முதற்கிளை சிலருக்கு மார்பெலும்புக்கு மேலேயும் எழும்பி, மூச்சுக்குழாயைக் குறுக்காகக் கடக்கும். வேறு சிலருக்கு, நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானோருக்கு, தைராய்டின் அடிப்பகுதிக்கு ஒரு தனிச் சிறுதமனி மூச்சுக்குழாயின் முன்பக்கமாகவே ஏறி வருகிறது. துளையிடுமுன் அவ்விடத்தைத் தொட்டுப் பார்ப்பதும், சிறு அல்ட்ராசவுண்ட் கருவியால் நோக்குவதும் இவற்றைக் கண்டறியவே. கழுத்துச் சிரையில் ஊசிக்குழாய் செலுத்தும்போதும் அதே கருவி பயன்படுகிறது. சிரையும் கரோட்டிட் தமனியும் அருகருகே இருப்பதோடு, ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் நிலையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

விழுங்குதலும் குரலும்

இங்கிலாந்து மருத்துவர் டேவிட் பேஃபோர்டு, நெடுங்காலம் உணவு விழுங்க இயலாமல் துன்புற்று இறந்த ஒரு பெண்ணின் உடலை ஆராய்ந்தார். வலக்கைக்குரிய காறையடித் தமனி வலப்புறம் தோன்றாமல், பெருந்தமனி வளைவின் இடக்கோடியில் கடைசிக் கிளையாகத் தோன்றி, வலக்கையை அடைவதற்காகக் குறுக்கே வந்து உணவுக்குழாயை அழுத்தியிருந்தது. 1794-இல் அவருடைய கட்டுரை அச்சில் வெளிவந்தது. 'இயற்கையின் விளையாட்டு' என்னும் பொருள்பட அவர் இட்ட பெயரே இன்றும் வழங்குகிறது.

இம்மாறுபாடு நூற்றுக்கு ஒருவர் அளவில் காணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு விழுங்குவதில் இடர் ஏதும் இல்லை. ஆனால் இதனோடு சேர்ந்து வரும் மற்றொன்று தைராய்டு அறுவையில் கவனத்துக்குரியது. குரல்நாணை இயக்கும் வலப்புற நரம்பு, பொதுவாக மார்பின் வாயில்வரை இறங்கி, வலக் காறையடித் தமனியைச் சுற்றித் திரும்பி, தைராய்டின் பின்புறமாக மேலேறிக் குரல்வளையை அடைகிறது. தமனி அவ்விடத்தில் இல்லையென்றால் நரம்பு சுற்றி வர ஏதும் இல்லை. ஆகவே அது கழுத்திலேயே பிரிந்து, குறுக்காகக் குரல்வளைக்குச் சென்றுவிடுகிறது.

தைராய்டு அறுவையில் மருத்துவர் இந்நரம்பைத் தேடிக் கண்டு காக்க வேண்டும். வழக்கமான இடத்தில் தேடினால் அது அங்கிராது. குறுக்காகச் செல்லும் நரம்பை இரத்தக்குழாய் என்று கருதிக் கட்டிவிடவும் கூடும். அவ்வாறு நேர்ந்தால் குரல் கரகரத்துப்போகும். நீர் அருந்தும்போது புரையேறும். ஆசிரியர், பாடகர், வணிகர் எனக் குரலால் வாழ்வோர்க்கு அது பிழைப்பையே பாதிக்கும். அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனில் வலக் காறையடித் தமனி இடம் மாறியிருப்பது தெரிந்தால், நரம்பும் வழக்கமான பாதையில் இராது என்பதை மருத்துவர் அறுவை தொடங்குமுன்பே அறிந்துகொள்கிறார்.

முதுகெலும்புத் தமனிகளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு அவை ஆறாம் கழுத்தெலும்பின் துளையில் நுழைகின்றன. எஞ்சியோருக்கு அதற்கு மேலோ கீழோ உள்ள எலும்பில் நுழைகின்றன. நூற்றுக்கு ஐவர் அளவில், இடப்புறத் தமனி காறையடித் தமனியிலிருந்து கிளைக்காமல் பெருந்தமனி வளைவிலிருந்தே நேராகப் புறப்படுகிறது. கழுத்தெலும்புத் தட்டு விலகலுக்கு முன்புறமாக அறுவை செய்யும்போதும், எலும்பில் திருகாணி பொருத்தும்போதும் இதை அறிந்திருக்க வேண்டும்.

எவ்வாறு கண்டறிகிறோம்?

1927-இல் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ், கரோட்டிட் தமனிக்குள் மருந்தைச் செலுத்தி, மூளைத் தமனிகளை எக்ஸ்-ரே படத்தில் காட்டினார். அதற்குமுன் உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகள் செல்லும் வழியைப் படத்தில் காண இயலவில்லை. இன்று அதற்கு எளிய வழிகள் உள்ளன.

டாப்ளர் அல்ட்ராசவுண்ட் ஒலியலைகளைக் கொண்டு செய்யப்படுவது. வலியோ கதிர்வீச்சோ இல்லை. தமனி எவ்வளவு குறுகியுள்ளது, இரத்தம் எவ்வேகத்தில் ஓடுகிறது என்பவற்றை அது காட்டுகிறது. மார்புக்குள்ளும் தாடைக்குப் பின்னும் இருப்பதை அதனால் நன்கு காண இயலாது. அதற்கு சி.டி. ஆஞ்சியோகிராம் தேவைப்படுகிறது. இதில் அயோடின் கலந்த மருந்தைக் கைச்சிரையில் செலுத்துவர். உடலெங்கும் சற்று வெப்பம் பரவுவதுபோல் தோன்றி அடங்கும். எம்.ஆர். ஆஞ்சியோகிராம் கதிர்வீச்சு இல்லாதது. ஆனால் நெடுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். உடலில் பேஸ்மேக்கரோ உலோகப் பொருளோ இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் தேவையில்லை. எந்த அறுவை, கழுத்தின் எப்பகுதி என்பதைப் பொறுத்தே நாங்கள் முடிவு செய்கிறோம்.

நோயாளிகளும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவை

1. கழுத்து, மார்பு, மூளை ஆகியவற்றுக்கு வேறெங்கேனும் எடுத்த ஸ்கேன் அறிக்கைகளையும் படங்களையும், எத்தனை ஆண்டு பழையவையாயினும், கொண்டு வாருங்கள். தமனியின் பிறவிப் பாதை ஆண்டுகள் கடந்தாலும் மாறுவதில்லை.

2. கழுத்தில் துடிக்கும் வீக்கம், விழுங்குவதில் இடர், குரல் மாற்றம், தொண்டையில் துடிப்பு இவற்றுள் எது இருந்தாலும் அறுவைக்கு முன் சொல்லுங்கள்.

3. அயோடின் மருந்து செலுத்துமுன், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு நோய், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம், சர்க்கரை நோய்க்கு உண்ணும் மெட்ஃபார்மின் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். எம்மாத்திரையையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

4. இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரைகளின் பெயரை எழுதி வாருங்கள்.

5. கழுத்துச் சுளுக்கை நீவி எடுப்பதையும், முடிதிருத்தகத்தில் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதையும் தவிருங்கள். வேகமாகத் திருகினால் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். தமனி வழக்கமான பாதையில் இருப்போருக்கும் இவ்வபாயம் உண்டு.

6. முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறல், ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மறைதல் இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும், சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும், உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

7. அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன், 'ஸ்கேனில் மாறுபாடு ஏதேனும் உண்டா? இருந்தால் அறுவையின் முறை மாறுமா?' என்று கேளுங்கள். இவ்வாறு கேட்பது தங்கள் உரிமை. அதற்கு விளங்கும்படி விடை கூறுவது எங்கள் கடமை.

தங்கள் அறிக்கையில் மாறுபாடு ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், அதன் படியொன்றைப் பத்திரமாக வைத்திருங்கள். குடும்பத்தில் ஒருவரேனும் அதை அறிந்திருக்கட்டும். பின்னொரு நாளில் வேறு காரணத்துக்காக, வேறு ஊரில், வேறு மருத்துவர் தங்கள் கழுத்தில் அறுவை செய்ய நேரிட்டால், அவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அந்தத் தாளில் இருக்கும்.